மேற்குச் சுவரில் ஒரு வண்ணக் கண்ணாடி

நான் வேலை பார்க்கும் பட்டறையில் வெயில் வந்தால் வேலை நின்றுவிடும். யாராவது ஒருவர் மெதுவாக "சன்" என்பார். உடனே ஐந்து பேரும் ஈயப் பட்டையில் கோத்த வண்ணக் கண்ணாடிகளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடுவோம். வெளிச்சம் ஊடுருவும்போது வண்ணம் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டுமே. இங்கிலாந்தின் வடக்கில் அந்த வெயில் பத்து நிமிஷம் நின்றால் பெரிய விஷயம். பாப்பிரெட்டிப்பட்டியில் பிறந்தவள் வெயிலைத் தேடி ஓடுகிறாள் என்று போனில் சொன்னபோது, என் தம்பி குமரேசன் வெகுநேரம் சிரித்தான்.

கணவரின் வேலைக்காக இங்கே வந்தவள் நான். வீட்டில் பொழுது போகாமல் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்து, அப்படியே இந்தப் பட்டறையில் ஒட்டிக்கொண்டேன். பழைய தேவாலய ஜன்னல்களைப் பிரித்து, அழுக்கெடுத்து, விரிசல் விட்ட துண்டுகளைச் சேர்த்து, மறுபடி ஈயத்தில் கோப்பது பாதி வேலை. வாசற்கதவுகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் புதிதாகச் செய்து கொடுப்பது மீதி. இதை ஊரில் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "சர்ச்சுல கண்ணாடி தொடைக்கறீங்களாம்மா?" என்று எங்கள் மேஸ்திரி கேட்டார். ஆமாம் என்றேன். பொய்யும் இல்லை.

மேஸ்திரி எங்கிருந்து வந்தார் என்றால், குமரேசன் பழைய வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்ட ஆரம்பித்திருந்தான். நான் பிறந்து வளர்ந்த வீடு அது. பங்கு கேட்கும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. ஆனால் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தப் புதுச் சுவரில் ஒன்றாவது இருந்தாக வேண்டும் என்று ஒரு பிடிவாதம். நான் செய்யப்போகும் வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்காக ஹாலின் மேற்குச் சுவரில் நாலடிக்கு மூன்றடி இடம் விடச் சொன்னேன். பட்டறையின் முதலாளியம்மா மார்கரெட், ஜன்னல் எந்தத் திசை என்று கேட்டார். மேற்கு என்றேன். "லவ்லி" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். இங்கிலாந்தில் மேற்கே ஜன்னல் இருந்தால் அதன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். கோட்டை விட்டது அங்கேதான்.

நாலு மாதம் சனி ஞாயிறு பார்க்காமல் செய்தேன். கீழே ராகிக் கதிர்கள், நடுவில் நீலமாகச் சித்தேரி மலை, மேலே சிவந்த வானம். மூன்று துண்டாகப் பிரித்துப் புடவைகளில் சுற்றி, விமானத்தில் பச்சைக் குழந்தையைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தேன். ஏப்ரல் மாதம். மாட்டிய அன்று நாலு மணிக்கு ஹால் முழுக்கச் சிவப்பும் நீலமுமாகக் கொட்டியது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். "சூப்பரா இருக்குதுங்க அண்ணி" என்றாள் குமரேசனின் மனைவி செல்வி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே. அது பூரிப்பில் வந்த வியர்வை என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு தினமும் தம்பியின் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சொந்தக்காரர்களைப் பார்க்கப் போவேன். எப்போது திரும்பினாலும் செல்வி ஜன்னலுக்கு எதிரிலேயே, முகமெல்லாம் சிவப்பு விழ உட்கார்ந்திருப்பாள். என்ன ரசனை என்று மெச்சிக்கொண்டேன். ஒருநாள் பஸ் ஸ்டாண்டு அருகே வண்டி பஞ்சராகிவிட்டது. கடையில் விட்டுவிட்டு நடந்தே வந்தேன். என் ஜன்னலை மறைத்துக் கனமான போர்வை ஒன்று கட்டியிருந்தது. மின்விசிறி முழு வேகத்தில் ஓட, குமரேசன் தரையில் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் செல்வி பாய்ந்துபோய் முடிச்சை இழுத்தாள். பதற்றத்தில் அது இன்னும் இறுகியது.

"எத்தன நாளா இது?" என்றேன்.

"மாட்டுன மறுநாள்ல இருந்துங்க அண்ணி."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நாத்தனாரு ஆசையா செஞ்சு கொண்டாந்தத, சுடுதுன்னு எப்பிடிங்க சொல்றது? வண்டிச் சத்தம் கேட்டா அவுத்துட்டு உக்காந்துக்குவேன்."

குமரேசன் கண்ணைத் திறக்காமலே பேசினான். "மேக்கால ஜன்னலே வேண்டாம்னு மேஸ்திரி தலபாடா அடிச்சுக்கிட்டாரு. அக்கா ஆசப்பட்டுக் கேக்குது, வுடுங்கன்னு நாந்தான் சொன்னேன். ஏன்க்கா, நம்மூரு வெயில மறந்துட்டியா?"

சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் முட்டிக்கொண்டு வந்தது. மறந்துதான் போயிருந்தேன். பள்ளிக்கூடத்தில் மேற்கு ஜன்னல் ஓரம் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தவள் நான். வெளிநாட்டில் இருக்கும் உங்களில் பலர் ஊர்ப் பேச்சையும் ருசியையும் மறக்கவில்லை என்று பெருமைப்படுவீர்கள். நானும் அந்தக் கட்சிதான். வெயில் என்னைவிட்டுப் போகும் என்று யார் நினைத்தது? வெட்கமாக இருந்தது.

கழற்றிவிட்டுச் செங்கல் வைத்து அடைத்துவிடலாம் என்றேன். செல்வி ஒப்புக்கொள்ளவில்லை. "கழட்டுனா அந்த எடத்தப் பாக்கறப்பல்லாம் எனக்கு மனசு கேக்காதுங்க. பகல்ல மூடிக்கலாம், பொழுது சாஞ்சாத் தொறந்துக்கலாம்" என்றாள். மறுநாள் தருமபுரிக்குப் போய், நாலு மாதம் செய்த என் ஜன்னலை மறைக்க, இருப்பதிலேயே தடிமனான திரைத்துணியை நானே தேர்ந்தெடுத்து வாங்கி வந்தேன்.

கிளம்புவதற்கு முந்தைய நாள், விளக்கேற்றும் நேரத்தில் பால் வாங்கிக்கொண்டு தெருமுனையில் திரும்பினேன். ஹாலில் டியூப்லைட் போட்டிருந்தார்கள். திரை விலகியிருந்தது. ராகிக் கதிரும் மலையும் வானமும் தெருவைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தன. பட்டறையில்கூட அந்த நீலம் அப்படி வந்ததில்லை. பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பெண்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆவலாக உள்ளே ஓடி நிமிர்ந்து பார்த்தேன். உள்ளேயிருந்து பார்க்கக் கண்ணாடி வெறும் கறுப்பாக இருந்தது. பாலைச் செல்வி கையில் கொடுத்துவிட்டு மறுபடி வெளியே வந்தேன்.

"காப்பி ஆறுதுங்க அண்ணி, உள்ள வாங்க" என்று செல்வி கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருவிலேயே நின்றுகொண்டிருந்தேன்.