பார்க்காத தொடருக்காக வாதாடியவள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். என் மேசையில்தான் இன்டர்நெட் இருந்தது. மதிய உணவு நேரத்தில் மேனேஜர் வீட்டுக்குப் போய்விடுவார். அந்த அரை மணி நேரம் மட்டும் திரையில் நான் விரும்பியதைத் திறக்கலாம். அப்படித்தான் அந்த விவாதத் தளத்துக்குள் போனேன். தமிழ்ப் படங்களையும் டிவி தொடர்களையும் பற்றி முப்பது நாற்பது பேர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு பறவையின் பெயரை வைத்துக்கொண்டு சேர்ந்தேன்.

குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் டிவி கிடையாது. அப்பா கிறிஸ்தவ சபையில் மூப்பர். சினிமா பாவம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. தியேட்டர் வாசலைக்கூட நான் மிதித்ததில்லை.

கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. குடியாத்தத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் தையல் பிரிவுப் பெண்கள், முந்தின நாள் இரவு ஒளிபரப்பான தொடரை மாதனூர் வருவதற்குள் ஒரு வசனம் விடாமல் சொல்லி முடித்துவிடுவார்கள். மதியம் அதை நான் பார்த்ததுபோல் எழுதுவேன். கதை அவர்களுடையது. வாதம் என்னுடையது.

திருச்சிக்காரர் ஒருவர் எப்போதும் எனக்கு எதிர்க்கட்சி. மாமியார் வீட்டில் அடி வாங்கிவிட்டு, பெட்டியோடு தெருமுனைவரை போய்த் திரும்பி வந்த நாயகியை அவர் கோழை என்று எழுதினார். போக இடம் இல்லாதவள் திரும்பி வருவது கோழைத்தனம் ஆகாது என்று நான் எழுதினேன். அந்தச் சண்டை மூன்று வாரம் ஓடியது. என்னை அவர் ‘சார்’ என்றே அழைத்தார். நானும் திருத்தவில்லை.

ஒருநாள் தனிக்கடிதம் அனுப்பியிருந்தார். அம்மாவின் சிகிச்சைக்காக வேலூர் வந்திருப்பதாகவும், ஆம்பூர் என்று நான் எப்போதோ எழுதியிருந்ததால் இந்த ஊர்ப்பக்கம் தனக்குத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்றும், ஒரு தடவை வந்து பார்க்க முடியுமா என்றும் கேட்டிருந்தார். போகாமல் இருந்திருக்கலாம். பல்வலி என்று சொல்லி பாதி நாள் லீவு வாங்கினேன். வேலூரிலிருந்து குடியாத்தம் கிட்டத்தான்; ஆனால் சாயங்காலம் அங்கே கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் அப்பா காத்திருப்பார். நான் அதிலிருந்துதான் இறங்க வேண்டும். அதனால் ஐந்து மணிக்குள் மறுபடி ஆம்பூர் கம்பெனி கேட்டுக்கு வந்துவிடவேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில் ஒரு லாட்ஜ். முன்னறையில் அவரும் அவருடைய அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். நான் யாரென்று சொன்னதும் அவர் எழுந்துவிட்டார். “நீங்களா சார்?” என்று கேட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்மா சிரித்து, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். தினமும் என் வாதங்களை மகன் படித்துக் காட்டுவாராம். அம்மா என் கட்சியாம்.

சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இரவுத் தொடரின் மறு ஒளிபரப்பு நேரம். திரையில் ஒரு பெண் பச்சைப் புடவையில் வந்து நின்றாள். வெறும் சொல்லாகக் கேட்டிருந்தவள் முகத்தோடு வந்துவிட்டாள் என்று நினைத்தேன். “எவ்ளோ வாடிப் போய்ட்டா பாருங்க” என்றேன்.

மகன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அம்மா மெதுவாகச் சொன்னார்: “அவ நாத்தனாரும்மா. உன் ஆளு இன்னும் வரல.”

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மகன் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்போ அந்தச் சண்டையெல்லாம்?”

“அது நெஜம்தான் சார்” என்றேன்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு என்னை எதிர்த்து ஒரு வரி எழுதவில்லை. நாயகி என்ன நிறப் புடவை, எந்தப் பக்கம் திரும்பினாள் என்றெல்லாம் விவரித்து எழுத ஆரம்பித்தார். இவருக்கு என்ன ஆயிற்று என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். எனக்காகத்தான் எழுதுகிறார் என்று எனக்குத் தெரியும். அந்த இரக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. எதை எழுதினாலும் ஒருவர் தலையாட்டிக்கொண்டே படிக்கிறார் என்ற நினைப்பு கையைப் பிடித்தது.

தொடர் முடிந்தது. கடைசிக் காட்சியில் நாயகி வெறுங்கையோடு வீட்டைவிட்டுப் போகிறாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று பேருந்தில் பெரிய தகராறு. ஒருத்தி மட்டும், “இன்னாத்துக்கு அழுவா, சனியன் விட்டுச்சுன்னுதான் போவா” என்றாள். அன்று மதியம் தளத்தில் எல்லோரும் பார்க்க எழுதினேன்: நான் இந்தத் தொடரில் ஒரு பகுதிகூடப் பார்த்ததில்லை. யாராவது சொல்லுங்கள், அவள் சிரித்தாளா, அழுதாளா?

என் கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஏமாற்றுக்காரன் என்று வரிசையாக எழுதினார்கள். திருச்சிக்காரர் மட்டும், பார்த்த நம் எல்லோரையும்விட இவர் அதிகம் புரிந்துகொண்டிருந்தார் என்றார். அவரையும் திட்டினார்கள். மறுநாள் என் கடவுச்சொல்லைத் தளம் ஏற்கவில்லை. தனிக்கடிதங்களும் அதோடு போயின. தளத்தை யாரும் படிக்கலாம்; உறுப்பினர் மட்டுமே எழுதலாம். புதுப்பெயரில் சேர்ந்திருக்கலாம். மறுபடியும் ஒரு பொய்யிலிருந்து தொடங்க மனம் வரவில்லை.

கல்யாணமாகி வேலையை விடும்வரை, இரண்டு வருடம், மதியச் சாப்பாட்டோடு வெறுமனே படித்துக்கொண்டிருந்தேன். திருச்சிக்காரர் இப்போது என் கட்சியில் நின்று, அந்த நாயகி கோழையல்ல என்று புதிதாக வந்தவர்களிடம் வாதாடினார். மோசமாக வாதாடினார். சொல்லவேண்டிய முக்கியமான காரணத்தை விட்டுவிட்டு, அவள் பொறுமையைப் புகழ்ந்து தோற்றுக்கொண்டே இருந்தார். பொறுமை இல்லை சார், போக இடம் இல்லை என்று தட்டச்சு செய்வேன். அனுப்ப முடியாத அந்தப் பதில் கட்டத்தில் அது கொஞ்ச நேரம் நிற்கும். மேனேஜரின் வண்டிச் சத்தம் கேட்டதும் அழித்துவிடுவேன்.