எந்த மாவட்டத்துப் பிள்ளை

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு மருத்துவ பீடத்துக்குப் போதாது என்று தெரிந்தபோது என் மகள் அழவில்லை. "நான் கேட்டது நேர்ஸிங்தானே உம்மா" என்றாள். அது உண்மை. பத்தாம் வகுப்பிலிருந்தே அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். புத்தளத்தில், தில்லையடியில் எங்கள் ஒழுங்கையில் இருந்தவர்கள், விண்ணப்பம் கோரி அரச வர்த்தமானி அறிவித்தல் வருவதற்கு முன்பே, தாதிகளைக் கூப்பிடுவதுபோல அவளை "மிஸ்" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். எதிர்வீட்டு மாமி வேலிக்கு மேலால் கையை நீட்டுவார்.

"மிஸ், பிரஷர் எவ்வளவென்டு பிடிச்சுப் பாருங்க. ஒங்கட கை ராசியான கை."

"நான் இன்னும் ஊசியக் கூடத் தொடல்ல மாமி. அதுக்குள்ள ராசி பாத்திட்டீங்க."

தாதியர் பயிற்சிக்கு மாவட்டம் மாவட்டமாகத்தான் ஆட்களை எடுப்பார்கள். ஆகவே விண்ணப்பத்தில் நிரந்தர வதிவிட மாவட்டத்தைக் கேட்டிருந்தார்கள். மற்ற வீடுகளில் அது யோசிக்க வேண்டிய கேள்வியே அல்ல. எங்கள் வீட்டில் அந்த ஒரு வரிக்காக விண்ணப்பம் பல நாள் அலுமாரிக்குள் கிடந்தது.

நாங்கள் தொண்ணூறாம் ஆண்டு, யுத்தத்தில், மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர்கள். மகள் பிறந்ததும் படித்ததும் புத்தளத்தில். ஆனால் வாக்காளர் இடாப்பில் எங்கள் பெயர்கள் மன்னாரில்தான் இருந்தன. அதில் என் கணவர் பிடிவாதமாக இருந்தார். ஒவ்வொரு வருடமும் பெயர் பதியும் காலம் வந்தால், ஆட்டோவை நிறுத்திவிட்டு ஊர் ஆண்கள் சிலரோடு வான் பிடித்துப் போய், எல்லோருடைய பெயரையும் பதிந்துவிட்டு வருவார். யுத்தம் முடிந்த பிறகு காணியில் வளர்ந்திருந்த காட்டை வெட்டி ஒரு தகரக் கொட்டிலும் போட்டார். இடாப்பிலிருந்து பெயரை எடுத்தால் ஊரில் எங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது என்று பயந்தார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. காணி என்று யார் வாய் திறந்தாலும், முதலில் கேட்கப்பட்டது பெயர் எங்கே இருக்கிறது என்பதுதான்.

அடுத்த வீட்டுக்காரரும் எங்கள் ஊரவர், என் கணவரின் சிறுவயதுக் கூட்டாளி. அவர் பல வருடங்களுக்கு முன்பே பெயரைப் புத்தளத்துக்கு மாற்றிக்கொண்டார். "ஊர வித்த மனிசன்" என்று என் கணவர் முகத்துக்கு நேரே சொல்வார்.

"வித்திருந்தா கையில சல்லி இருக்கணுமே மச்சான். பொக்கட்டத் தடவிப் பாரு" என்று அவர் சிரிப்பார்.

அவருடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. அவளும் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். அவளுடைய பெறுபேறு என் மகளுடையதைவிடக் கொஞ்சம் குறைவு.

"நான் ஒரு நாள் கூட அங்க இருந்ததில்லையே வாப்பா. எப்படி மன்னார் என்டு எழுதுறது?" என்று மகள் கேட்டாள்.

"புத்தளம் என்டு எழுதினா இங்க கிராம சேவகர் கையெழுத்து வைப்பாரா? அவர்ட இடாப்பில நாம இல்லையே. பேர் இருக்கிற இடத்தத்தான் எழுதணும். அதோட, நீ யார்ட மகள்? மன்னார்க்காரன்ட மகள்."

மகள் மன்னார் என்று எழுதினாள். அங்குள்ள கிராம சேவகர் இடாப்பில் பெயர் இருப்பதாக எழுதித் தந்தார். அங்கே வசிப்பதாக எழுதவில்லை. அவர் கண்டதைத்தானே எழுத முடியும்.

நேர்முகப் பரீட்சைக்குக் கொழும்புக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போது பஸ் சிலாபம் தாண்டிய பிறகுதான் சொன்னாள்.

"நல்ல மிஸ் ஒராள்தான் கேட்டாங்க உம்மா. சிங்களத்தில துவ, துவ என்டு மகளக் கூப்பிடுற மாதிரித்தான் கதைச்சாங்க. ஒங்கட வீட்டிலயிருந்து கிட்ட உள்ள ஆஸ்பத்திரி எது, அதுக்கு எப்படிப் போறது என்டு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"தெரியாது என்டன். புத்தளம் ஆஸ்பத்திரியக் கேட்டிருந்தா வாட்டு வாட்டாச் சொல்லியிருப்பன்."

வீட்டில் இதைக் கேட்டதும் என் கணவர், "என்ன புள்ள, பள்ளிவாசலடியில இறங்கி, குளக்கட்டால நேரா வந்து…" என்று தொடங்கினார். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பிறகு காத்திருந்தோம். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மகள் தொலைபேசியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடுவாள். காலையில் மதிலுக்கு அப்பாலிருந்து அடுத்த வீட்டுப் பிள்ளையின் குரல் வரும். "வந்ததா?" "இல்ல. ஒனக்கு?" "எனக்கும் இல்ல." அதைக் கேட்டபின்தான் இரண்டு வீட்டிலும் தேநீர் இறங்கும். அந்த மாதங்களின் என் நாட்குறிப்பில் மழைக்கும் மீன் விலைக்கும் கீழே "இன்றும் வரவில்லை" என்றே எழுதியிருக்கிறேன்.

ஒரு காலை மதிலுக்கு அப்பால் குரல் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அடுத்த வீட்டுக்காரர் எங்கள் படலையடியில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"மச்சான்… மகளுக்குக் கடிதம் வந்திருக்கு."

என் கணவர் எழுந்து போய் அவரைக் கட்டிப்பிடித்தார். "மாஷா அல்லாஹ். இதச் சொல்ல ஏன்டாப்பா மையத்து வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிற? எங்கட பிள்ளைக்கும் வரும். மன்னார்த் தபால் கொஞ்சம் சுணங்கும்."

மகள் அந்தச் சுணக்கத்தை நம்பவில்லை. கொழும்பு அலுவலகத்துக்கு அழைத்து, சிங்களத்தில் நிதானமாகக் கேட்டாள். வைத்துவிட்டு எங்களிடம் சொன்னாள்:

"மன்னார்ல நான் இருக்கல்லயாம். புத்தளத்தில நான் கேக்கல்லயாம்."

"பேர இங்க மாத்தினா?" என்றார் என் கணவர்.

"இங்க சில வருசமாவது பதிவு இருக்கணுமாம் வாப்பா. எங்கட பெட்ச்சுக்கு இதுதான் ஒரே தரம். திரும்பக் கேக்க ஏலாது."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

அடுத்த கிழமை அடுத்த வீட்டுப் பிள்ளை பயிற்சிக்கு வேண்டிய வெள்ளைச் சப்பாத்து வாங்க டவுனுக்குப் புறப்பட்டாள். என் மகளும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள். "நீ எதுக்கு மகள்?" என்று கேட்டேன். "அவக்குப் பாத்து எடுக்கத் தெரியாது உம்மா. நாள் முழுக்க நிக்கிற வேல. சரியான அளவில்லாட்டி காலக் கடிச்சுப்போடும்."

அன்று என் கணவர் ஆட்டோவை எடுக்கவில்லை. நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"புள்ள, நான் ஊர விடாமப் பிடிச்சது பிழையா?"

"இல்ல."

"அப்ப, அவள் நேர்ஸாகணும் என்டு கேட்டது?"

"அதுவும் இல்ல."

இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாக அவரோடு வாழ்ந்தவள் நான். சாரன் நுனியால் முகத்தை மூடிக்கொண்டு அவர் அழுததை அன்றுதான் கண்டேன்.

மகள் மத்தியானம் திரும்பி வந்தாள். "நல்ல சப்பாத்து உம்மா. ரெண்டு கடை ஏறி இறங்கித்தான் கிடைச்சது. அடி மெத்தென்டு இருக்கு" என்றாள். வாப்பா சுவர்ப்பக்கம் திரும்பி இருந்ததைப் பார்த்தாள். என் மடியிலிருந்த சுளகை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய், மிச்ச அரிசியைப் பொறுக்க உட்கார்ந்தாள்.