காய்க்கும் என்று சொல்லி விற்ற ஒலிவக் கன்று

காய்க்காது என்று தெரிந்தே, ஓர் ஒலிவக் கன்றைக் காய்க்கும் என்று சொல்லி விற்றேன். கச்சிராயபாளையம் சாலையில் நர்சரி வைத்திருக்கிறேன், தோட்டக்கலை படித்தவன். ஒலிவம், அதாவது ஆலிவ், பூவெடுக்க நீண்ட குளிர்காலம் வேண்டும். கல்வராயன் மலைமேலேயே அந்தக் குளிர் போதாது. அடிவாரத்தில் எங்கே கிடைக்கும்?

வாங்கியவர் லூர்து மேரி. கரும்பு டிராக்டரிலிருந்து விழுந்த கணவர் பிழைத்தால், தன் தோட்டத்து ஒலிவ எண்ணெயில் கோயில் விளக்கேற்றுவதாக நேர்ச்சை வைத்திருந்தார். கணவர் பிழைத்துவிட்டார். "காய்க்குமா சார்?" என்று ஒரு தடவைதான் கேட்டார். வெளிமாநிலத்திலிருந்து வரவழைத்த கன்றுகள் விற்காமல் நின்றன. மலைக்காற்று இறங்குகிற ஊர், நாலாம் வருஷம் பாருங்கள் என்றேன்.

வளர்க்கும் முறையை மட்டும் சரியாகச் சொன்னேன். பக்கத்துக் கரும்புக்கொல்லைத் தண்ணீர் வேரில் நிற்கக்கூடாது. மேடு கட்டி, சரளை கலந்து, முழு வெயிலில் நட வேண்டும். வேர் பிடித்தபின் தண்ணீரைக் குறைக்க வேண்டும். அப்படியே செய்தார். மரம் நன்றாக வந்தது. காற்றடித்தால் இலையின் அடிப்புறம் வெள்ளியாகத் தெரியும். நாலாம் வருஷம் கழிந்தும் பூ மட்டும் இல்லை.

கேட்டபோதெல்லாம் சாம்பல் போடுங்கள், கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யுங்கள் என்று சமாளித்தேன். ஒருநாள் உரம் வாங்க வந்த மேரி சொன்னார்: "எங்க வூட்டுக்காரருக்குக் கால் வலி திரும்பிக்கிச்சி சார். நான் இன்னா பாவம் பண்ணனோ, சாமி என் நேர்ச்சைய வாங்க மாட்டேங்குது."

அப்போதும் உண்மையைச் சொல்லாமல் உரத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். விற்றதைவிட அதுதான் பெரிய தப்பு.

அந்த ஞாயிறு பூசை முடிந்தபின் அவர் வீட்டுக்குப் போய், இருவரிடமும் உண்மையைச் சொன்னேன். கணவர்தான் முதலில் பேசினார். "மரத்துக்குக் குளுரு பத்தலியாம். இவ இன்னாடான்னா முட்டி போட்டுக்கினு அழுதுக்கினு இருந்தா."

மேரி என்னையே பார்த்தார். "அப்ப சாமி கோவிச்சிக்கலியா?"

இல்லைம்மா என்றேன்.

"அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்?"

மரத்தை எடுத்துவிட்டு வேறு வைத்துத் தருகிறேன் என்றேன். வளர்த்த மரத்தை எடுக்க விடமாட்டேன் என்றார் மேரி. அவர் சம்மதத்தோடு மரத்தைச் சுற்றியிருந்த காலி நிலத்தில் எள் விதைத்தேன். களையெடுத்ததும் நானே. செக்கில் ஆட்டிய எண்ணெயை, சொந்தத் தோட்டத்து எண்ணெய்தானே என்று பங்குச் சாமியார் வாங்கிக்கொண்டார். விளக்கு எரிந்தது. கணவருக்குக் கால் வலி குறையவில்லை. அது காலின் கோளாறு என்று மேரி இப்போது ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்.

கன்று விற்கிற இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எதற்காக வாங்குகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

போன மாதம் ஒரு பெண் ஒலிவக் கன்று கேட்டு வந்தார். எதற்கு என்றேன். ஊறுகாய் போட என்றார். இங்கே காய்க்காது, நிழலுக்கும் அழகுக்கும் வைக்கலாம், தண்ணீர் கம்மியாகக் கேட்கும் என்றேன்.

"மேரியக்கா சொன்னது சரியாத்தான் கீது," என்று சிரித்தார். "'போயி கேளு, இப்பல்லாம் நெஜம் சொல்றாரு'ன்னாங்க."

எலுமிச்சங்கன்று வாங்கிக்கொண்டு போனார்.