புத்தகத்தில் ஏறாத பந்து

வெர்னா டூடெக்கின் வலது கைச் சுண்டுவிரல் இன்றைக்கும் நேராக நிற்காது. அடிபட்ட உடனே ஐஸ் வைத்து, பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டியிருந்தால் மூன்று வாரத்தில் சரியாகியிருக்கும். முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவளுக்கு இது தெரியாததல்ல. அன்றைக்கு ஐஸ் கேட்க அவளுக்கு ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அவள் பிறந்தது போர்ட் ஹாலனில், தாதுக் கப்பல்கள் வந்து நிற்கும் ஏரிக்கரையில். அப்பா துறைமுகத்தில் சுமை இறக்கினார். பதினான்கு வயதில் வெர்னா ஹெரான்ஸ் அணியின் மைதானத்தில் படிவரிசைகளில் ஏறி இறங்கி வறுத்த கடலை விற்றாள். ஆட்டத்தைக் கட்டம் போட்ட தாளில் எழுதிவைக்கும் பழக்கம் அங்கேதான் தொற்றிக்கொண்டது. அந்த ஊரில் பேஸ்பால் பார்க்கப் போகிறவர்களில் பாதிப் பேர் பென்சிலோடுதான் போவார்கள். களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு எண் உண்டு. யார் பிடித்தார், யார் எறிந்தார், யார் கோட்டைவிட்டார் என்பதெல்லாம் அந்த எண்களாகத் தாளில் ஏறிவிடும். இருபது வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் ஆட்டத்தை வரி பிசகாமல் சொல்லலாம்.

இருபத்தாறு வயதில் எட் டூடெக் என்ற லாரி ஓட்டுநரைக் கட்டிக்கொண்டாள். நல்ல மனிதர், உப்பும் பன்றிக் கொழுப்பும் அதிகம் தின்பவர். நாற்பத்தேழாவது வயதில் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டீயரிங் மேல் தலை சாய்த்துப் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் கிடையாது. வெர்னா ஒரு வாரம் விடுப்பு எடுத்தாள். எட்டாம் நாள் பிர்ச்வே இல்லத்துக்கு வேலைக்குத் திரும்பிவிட்டாள். படுத்தவர்களைத் திருப்பிப்போட வேண்டுமே.

அந்த இல்லத்தில் பதினான்காம் அறை ஆர்லோ ஹாஸ்கெலுடையது. எண்பத்து நான்கு வயது, எஃகு ஆலையில் கிரேன் ஓட்டியவர், இடுப்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். அவருடைய அலமாரியில் துணி குறைவு. நாற்பத்தோரு ஆட்டப் புத்தகங்கள் இருந்தன, வருஷத்துக்கு ஒன்று. மைதானத்தில் வலதுபுறக் கோட்டோரம், முதல் வரிசை, எட்டாம் இருக்கை அவருடையது. இடுப்பு போன பிறகும் வருஷச் சீட்டை விடவில்லை. அந்த வருஷம் வெர்னாவைப் போகச் சொன்னார்.

"உனக்கு எழுதத் தெரியும். இந்தக் கட்டடத்துல வேற எவளுக்குத் தெரியும்? போய் எழுதிட்டு வா. ஒரு கட்டம் காலியா இருக்கக் கூடாது."

"சரி, மிஸ்டர் ஹாஸ்கெல்."

"இன்னொண்ணு. நாப்பத்தோரு வருஷம் அங்க உக்காந்தேன், ஒரு பந்துகூட என் பக்கம் வரலை. வந்துச்சுன்னா சாக்கு மூட்டை மாதிரி உக்காந்திருக்காதே. எந்திரிச்சு கையை நீட்டு. எனக்கு அந்தப் பந்து வேணும்."

ஐம்பத்திரண்டு வருஷமாகக் கோப்பையைத் தொடாத ஹெரான்ஸ் அந்த அக்டோபரில் இறுதிச்சுற்றின் வாசலில் நின்றது. சனிக்கிழமை மதியம், கடைசி இன்னிங்ஸ். ஹெரான்ஸ் நாலு ரன், எதிரணி இரண்டு. எதிரணியில் ஒருவர் அவுட், ஒருவர் முதல் தளத்தில் நிற்கிறார். இன்னும் இருவரை வீழ்த்தினால் போதும். வெர்னா மடியில் புத்தகத்தை வைத்துப் பென்சிலைக் கூர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அடித்த பந்து உயரே எழும்பி, கோட்டுக்கு வெளியே, அவள் இருந்த பக்கமாகச் சரிந்து வந்தது. கோட்டுக்கு வெளியே போனாலும் தரையில் விழுமுன் பிடித்துவிட்டால் அவுட்தான். முன்வரிசையில் எல்லோரும் எழுந்தார்கள். வெர்னாவும் எழுந்து கையை நீட்டினாள். பக்கத்தில் மஞ்சள் ஜாக்கெட் போட்டவரும் நீட்டினார், பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்தன. பந்து பட்டது வெர்னாவின் சுண்டுவிரலில். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாவிய ஹெரான்ஸின் வலப்புற ஆட்டக்காரர் ஓல்கினின் கையுறை ஒரு சாண் தள்ளி வெறுங்காற்றைப் பிடித்தது. பந்து இருக்கைகளுக்கு அடியில் உருண்டு போயிற்று. அதை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

ஓல்கின் கையுறையைத் தரையில் அறைந்தார். நடுவர் ஓடிவந்து பார்த்தார். கை வேலியைத் தாண்டவில்லை, பந்து ஜனங்கள் பக்கம் வந்தது என்று சைகை காட்டிவிட்டுப் போனார். ஆட்டம் தொடர்ந்தது.

பந்து வீசியவர் அதே ஆளுக்குக் குறி தவறித் தவறி வீச, அந்த ஆள் விதிப்படி அடிக்காமலே சும்மா நடந்து முதல் தளத்துக்குப் போனார். அடுத்தவர் அடித்தது தரையோடு உருண்ட சோம்பேறிப் பந்து. பள்ளிக்கூடப் பையன்கூட எடுத்து இரண்டு பேரை அவுட் ஆக்கியிருப்பான், ஆட்டமே அங்கே முடிந்திருக்கும். ஹெரான்ஸில் ஆறாம் எண்ணில் நிற்கும் ஆட்டக்காரரின் கால் இடுக்கில் அது போய்விட்டது. பிறகு ஒரு அடி, இரண்டு ரன். ஸ்கோர் சமம்.

"இந்தப் பொம்பளைதான்!" என்று முதலில் கத்தியவர் மஞ்சள் ஜாக்கெட்காரர்.

மேல் வரிசையிலிருந்து பீர் வந்து விழுந்தது. வெர்னா புத்தகத்தை மேல்கோட்டுக்குள் செருகிக்கொண்டாள். காவலர்கள் இரண்டு பேர் வந்தார்கள்.

"எழுந்துருங்கம்மா. இங்க இருந்தா கொன்னுடுவானுங்க."

"இன்னிங்ஸ் முடியலையே" என்றாள் வெர்னா.

இளைய காவலர் அவளைப் பார்த்த பார்வையில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்ற கேள்வி இருந்தது. ஒரு காவலரின் கோட்டை அவள் தலைமேல் போட்டு அழைத்துப் போனார்கள். ஹெரான்ஸ் ஆறுக்கு நாலு என்று தோற்றதைக் காரின் ரேடியோவில்தான் கேட்டாள். கடைசியில் ஹெரான்ஸுக்கும் ஒரு முறை மட்டை கிடைத்தது. மூன்று பேர் வந்தார்கள், மூன்று பேரும் போனார்கள்.

வீட்டுக்கு வந்து பீர் நாற்றம் போகத் தலை குளித்தாள். இரண்டு முட்டை பொரித்தாள், ஒன்றைத் தின்றாள். நனைந்த புத்தகத்தை ஹீட்டரின் மேல் விரித்து வைத்தாள். ஒவ்வொரு தாளுக்கு நடுவிலும் காகிதத் துண்டு. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். வரவில்லை. விரல் வீங்கியிருந்தது. அது வேறு யாருடைய விரலோ போலிருந்தது.

திங்கட்கிழமைக்குள் அவள் பெயர், தெரு, வேலை செய்யும் இடம் எல்லாம் ரேடியோவில் வந்துவிட்டன. தொலைக்காட்சி அந்தக் கையைத் திரும்பத் திரும்பக் காட்டியது. ஆறாம் எண்ணின் கால் இடுக்கை ஒரே ஒரு முறை காட்டினார்கள்.

மேற்பார்வையாளர் கேரல் ஸ்டாட்லர் அவளை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"வெர்னா, நான் உன்னைக் குத்தம் சொல்லலை. ஆனா பதினோரு குடும்பம் போன் பண்ணிட்டாங்க."

"என்னவாம்?"

"எங்கப்பாவை அவ தூக்கக் கூடாது, கீழே போட்டுருவாங்கிறாங்க."

"இருபத்திரண்டு வருஷத்துல நான் யாரையும் கீழே போட்டதில்லை, கேரல்."

"எனக்குத் தெரியாதா? கொஞ்ச நாள் கீழே சலவைப் பக்கம் இரு. சூடு ஆறட்டும்."

"பதினாலாம் அறை?"

கேரல் மேசையைப் பார்த்தாள். "அவர்தான் முதல்ல சொன்னார். அந்தக் கை என் மேல படக் கூடாதுன்னார்."

வெர்னா சலவை அறைக்கு இறங்கினாள். சூடு ஆறவில்லை. கடையில் ரொட்டி வாங்கப் போனால் பேச்சு நின்றது. வெள்ளிக்கிழமை தேவாலயக் கூடத்தில் மீன் விருந்து; முப்பது வருஷமாகப் போகிற இடம். தட்டை நீட்டினாள். பரிமாறிய ஸ்டாஷ் இடுக்கியை உயரே தூக்கிப் பிடித்தான்.

"பாத்து வெர்னா, கையை நீட்டாதே! மீன் ஓல்கினுக்கு வெச்சிருக்கேன்."

கூடம் முழுக்கச் சிரித்தது. அவன் கெட்டவனில்லை. எட் செத்தபோது சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவன். வெர்னா எட்டுப் பேர் உட்காரும் மேசையில் தனியாக உட்கார்ந்து மீனைத் தின்றாள். உப்பு குறைவு. முள்ளை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு, தட்டை எடுத்துக் கழுவும் இடத்தில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் வீட்டிலேயே சூப் வைத்துக்கொண்டாள்.

நவம்பர் இரண்டாம் வாரம். பிர்ச்வேயில் படுக்கை விரிப்புகளின் ஓரத்தில் அறை எண்ணைக் கறுப்பு மையில் குத்தியிருப்பார்கள். மெஷினில் போடுமுன் ஒவ்வொன்றையும் உதறிப் பார்ப்பது வெர்னாவின் வழக்கம். பல்செட், மூக்குக் கண்ணாடி, ஏதாவது விழும். அன்று உதறிய விரிப்பின் கால்மாட்டில் காசு அளவுக்கு ஒரு கறை. நடுவில் பழுப்பு, சுற்றி மஞ்சள். அவள் அதை மோந்து பார்த்தாள். குதிகால் புண். தோல் திறந்து இரண்டு மூன்று நாளாவது ஆகியிருக்கும். ஓரத்தில் எண் பதினான்கு.

யாரையும் கேட்கவில்லை. மாடியேறிப் போய் நர்ஸிடம் சொன்னாள், சுவரில் தொங்கிய பராமரிப்பு ஏட்டைப் புரட்டினாள், ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீரும் துணியும் தலையணையும் எடுத்துக்கொண்டு பதினான்காம் அறைக்குள் நுழைந்தாள்.

ஹாஸ்கெல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். "உன்னை வரச் சொல்லலையே."

"குதிகாலைக் காட்டுங்க."

"அந்தக் கையை…"

"இந்தக் கையாலதான் கழுவணும். இன்னொரு கை காலைப் பிடிச்சுக்கணும். வேற கை எங்கிட்ட இல்லை."

போர்வையை விலக்கினாள். வலது குதிகாலில் புண், நினைத்ததைவிடப் பெரிது. அவள் கழுவினாள். வலித்திருக்கும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"உனக்குப் பதிலா வந்த புதுப் பொண்ணு என் காலை அழுக விட்டுட்டா" என்றார்.

"அவளைச் சொல்லாதீங்க. ரெண்டு மணிக்கொரு தடவை திருப்ப வந்திருக்கா. நீங்கதான் கத்தி விரட்டியிருக்கீங்க. ஏட்டுல இருக்கு, பதினாறு தடவை."

புண் படுக்கையில் படாதபடி அவள் கணுக்காலுக்குக் கீழே தலையணையை வைத்தாள்.

"புத்தகம் எங்க?" என்றார் திடீரென்று.

"கீழே என் பெட்டியில. காய வெச்சு எடுத்து வெச்சிருக்கேன்."

"முடிச்சியா?"

"இல்லை. கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"நாப்பத்தோரு வருஷத்துல ஒரு கட்டம் காலியா விட்டதில்லை." குரல் கம்மியது, காலுக்கா புத்தகத்துக்கா என்று தெரியவில்லை. "கொண்டுவா. நான் ரேடியோவுல கேட்டேன். எல்லாம் ஞாபகம் இருக்கு."

கொண்டுவந்தாள். தாள் அலையலையாக முறுகியிருந்தது, பீர் வாசனை லேசாக இருந்தது. அவள் கட்டிலோரம் உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள். சுண்டுவிரல் மடங்காமல் துருத்திக்கொண்டு நின்றது. அவர் அதைப் பார்த்தார்.

"முதல் ஆள் அவுட். அது இருக்கா?"

"இருக்கு. ரெண்டாவது ஆள் முதல் தளத்துல நிக்கறார், அதுவும் இருக்கு. அப்புறம் அந்தப் பந்து." பென்சில் கட்டத்தின் மேல் நின்றது. "அதுக்கு என்ன போடட்டும்?"

ஹாஸ்கெல் கூரையைப் பார்த்தார். நடைவழியில் உணவு வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுப் போயிற்று.

"ஒண்ணும் போடாதே" என்றார் கடைசியில். "கோட்டுக்கு வெளிய போன பந்து. யாரும் பிடிக்கலை. அதுக்குக் குறி கிடையாது."

"சரி."

"அந்த ஆள் சும்மா நடந்து முதல் தளத்துக்குப் போனான். போடு. அடுத்தவன்… தரையோட வந்த பந்து. பிழை. ஆறாம் எண்."

எழுதினாள். பிழை, ஆறு. பிறகு அந்த இரண்டு அடிகள், நாலு ரன், இரண்டு அவுட். பிறகு ஹெரான்ஸின் மூன்று பேர். எண்ணாலேயே எல்லாம் முடிந்தது. முதல் வரிசை எட்டாம் இருக்கைக்கு அந்தத் தாளில் எங்கும் இடமில்லை.

"எந்திரிச்சு நீட்டுன்னு நான்தான் சொன்னேன்" என்றார் ஹாஸ்கெல்.

"ஆமா."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லை."

"ஏன்?"

"யாரும் கேக்கலை."

அப்போது கேரல் ஸ்டாட்லர் வாசலில் வந்து நின்றாள். வெர்னா மேலே வந்த செய்தி அதற்குள் அவளுக்குப் போயிருந்தது. அவள் பேசத் தொடங்குமுன் ஹாஸ்கெல் முந்திக்கொண்டார்.

"இவளை என் அறைக்குப் போடு. மத்தவங்க வேண்டாம்னா அது அவங்க பாடு."

வேறு எதுவும் சொல்லவில்லை. அந்தப் பதினோரு குடும்பங்களுக்கும் சொல்லவில்லை, ரேடியோக்காரர்களுக்கும் சொல்லவில்லை. வெர்னா அதை எதிர்பார்க்கவும் இல்லை. கேரல் ஏட்டில் அவள் பெயரைப் பதினான்காம் அறைக்கு நேரே எழுதினாள். காலையும் மதியமும் அங்கே, மற்ற நேரம் சலவை அறையில்.

குதிகால் ஆறப் பதினோரு வாரம் பிடித்தது. ஏப்ரலில் அந்த வருஷ ஆட்டங்களுக்கான நுழைவுச் சீட்டு தபாலில் வந்தது. ஹாஸ்கெல் அதைப் போர்வை மேல் வைத்து அவள் பக்கமாக ஒரு விரலால் தள்ளினார்.

"போறியா?"

"இல்லை."

"இருக்கை காலியா கிடக்கும்."

"கிடக்கட்டும். இடது பக்கம் திரும்புங்க, மணி ரெண்டாச்சு."

அவள் ஒரு கையை அவர் தோளுக்கடியிலும் இன்னொன்றை இடுப்புக்கடியிலும் கொடுத்தாள். அவர் கத்தவில்லை.