இரட்டைக் கோடு

போன வாரம் திருச்சுழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம். குழந்தைகளின் கண்ணைப் பார்ப்பது என் பாதி உத்தியோகம். அந்தக் குறை எந்த ஜீன் வழியாக வந்தது என்று துப்புத் துலக்குவது மீதிப் பாதி. ஆராய்ச்சி என்றால் மைக்ராஸ்கோப் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஊர்க்கதை கேட்பதுதான் முக்கால்வாசி வேலை.

மல்லாங்கிணறு முருகேசனும் மனைவி செல்வியும் நாலு வயது மகள் யாழினியைக் கூட்டி வந்திருந்தார்கள். வெளிச்சம் குறைந்தால் பிள்ளை சுவரில் முட்டிக்கொள்கிறாள். வம்சப் படம் வரைய உட்கார்ந்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு நடுவில் ஒரு கோடு. சொந்தத்தில் கட்டியிருந்தால் இரண்டு கோடு.

"சொந்தத்துல கட்டுனதா?"

"இல்லங்க டாக்டரம்மா," என்றார் முருகேசன். ஒற்றைக் கோடு போட்டேன்.

செல்வி மெல்ல வாயைத் திறந்தார். "எங்க அப்பாவும் இவுக அம்மாவும் கூடப்பொறந்தவுக."

"அது சொந்தம் இல்லையா?"

"இருந்துச்சு. பிள்ளை காதுகுத்தோட அத்துப்போச்சு," என்றார் முருகேசன். "பொழுது சாயுற நேரம், பந்தல் வாசல்ல கையெடுத்துக் கும்பிட்டு நிக்கேன். இவ அண்ணன் பாண்டி சீர்த்தட்டோட வந்தவன், பாத்தும் பாக்காத மாதிரி போறான். ஒத்தக் கோடே இருக்கட்டும்."

காதுகுத்துச் சண்டை ஜீனுக்குத் தெரியுமா? "வீட்ல வேற யாருக்கும் இருட்டுல கண்ணு தெரியாதா?" என்று கேட்டேன்.

செல்வி கணவரைப் பார்க்காமல் சொன்னார். "எங்க அண்ணனுக்கு. பொண்ணு தேடுறோம்ல… வெளிய சொல்லல."

எனக்குப் பொறி தட்டியது. (பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டேன். பெண் வீட்டார் யாரும் தேட வேண்டாம்.)

பாண்டியின் ரத்தமும் கிடைத்தால்தான் எந்த ஜீன் என்று உறுதியாகும். அது தெரிந்தால்தான் யாழினிக்கு என்ன வைத்தியம் என்று யோசிக்க முடியும். "அவன் ரத்தமா?" முருகேசன் எழுந்துவிட்டார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"உங்க மக கண்ணு பெருசா, உங்க கும்பிடு பெருசா?"

உட்கார்ந்தார். செல்வி போன் போட, பாண்டி அருப்புக்கோட்டையிலிருந்து அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார்.

சோதனைக்காக ஜன்னலெல்லாம் துணியால் மூடிய அறை. பாண்டியை உட்காரவைத்து விளக்கைக் குறைத்தேன். அதற்குப் பிறகு உள்ளே வந்து எதிரே நின்ற முருகேசன், நான் சொல்லாமலே, இரண்டு கையையும் கூப்பினார். அந்த மங்கலிலும் எனக்கு நன்றாகவே தெரிந்தது.

பாண்டி நேராக அவரைப் பார்த்தபடியே கேட்டார்: "மாப்ள வந்திருக்காகளா டாக்டரம்மா?"

முருகேசன் கூப்பிய கையை இறக்கவில்லை. அப்படியே என் பக்கம் திரும்பினார்.

"அந்த இன்னொரு கோட்டையும் போட்டுருங்க டாக்டரம்மா."

போட்டேன் — கொஞ்சம் அழுத்தியே.