மனோன்மணியின் நீளமான களம்

மனோன்மணிக்கு இரண்டு களங்கள் இருந்தன. ஒன்று வீட்டுக்குப் பின்னால், சாணம் மெழுகியது. மற்றொன்று சென்னைத் துறைமுகத்தில் தொடங்கி பெங்களூர் வரை நீண்டது.

அந்த இரண்டாவது களத்தை சர்க்கார் ‘டிரங்க் ரோடு’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஓரிக்கைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மாட்டுவண்டியில் அவள் தாமலுக்கு வந்தபோது அது ஒற்றை வண்டி மட்டும் போகும் ரோடுதான். அறுபதுகளில் அதை அகலப்படுத்திப் புதுத் தார் போட்டார்கள். துறைமுகத்தில் இறங்கிய மெஷின்கள் ராணிப்பேட்டைத் தொழிற்சாலைகளுக்குப் போயின. அங்கே பதப்படுத்திய தோல், கட்டுக்கட்டாகத் துறைமுகத்துக்குப் போயிற்று. லாரிகளை எண்ணிக்கொண்டிருந்த மனோன்மணிக்கு ஒருநாள் தோன்றியது: இத்தனை சக்கரம் சும்மாதானே போகுது?

அப்படித் தோன்றக் காரணம் அவள் புருஷன் ஜீவந்தரன். நயினார் என்னும் தமிழ்ச் சமணக் குடும்பங்களில் ஜீவகாருண்யம் எல்லாருக்கும் உண்டு. ஜீவந்தரனுக்குக் கொஞ்சம் கூடுதல். திருப்பருத்திக்குன்றம் கோயிலில், இனி மாட்டின்மேல் கோல் ஓங்குவதில்லை என்று விரதம் எடுத்துவிட்டு வந்தார். விரதத்தை முதலில் புரிந்துகொண்டவை மாடுகள். போரடிக்கக் களத்தில் இறக்கினால் நின்ற இடத்தில் நின்று கொள்ளுச் செடியைத் தின்றன.

“மாட்டத்தான அடிக்கக் கூடாது? லாரிய யாரும் அடிக்கப் போறதில்லையே?” என்றாள் மனோன்மணி.

அன்றிலிருந்து தை மாதம் வந்தால் காய்ந்த கொள்ளுச் செடி இரண்டு புளியமரங்களுக்கு நடுவே ரோட்டில் படுத்தது. லாரிகள் மிதித்துக் கொடுத்தன. ஜீவந்தரன் இரண்டு நிபந்தனை வைத்தார். செடி பரப்புமுன் எறும்பு, பூச்சி எதுவும் சாகாமல் நாணல்பூத் துடைப்பத்தால் ரோட்டைப் பெருக்கி ஓரங்கட்ட வேண்டும். தோல் லாரி ஏறிய கொள்ளு வீட்டுக்குள் வரக் கூடாது. முதலாவதை அவரே செய்தார். இரண்டாவதற்காக மனோன்மணி சேலைத் தலைப்பை வீசி வீசித் தோல் லாரிகளை ஓரமாக விரட்டினாள்.

ஒரு வருஷம் தையிலேயே வானம் கறுத்தது. பாதிச் செடி இன்னும் போரில் கிடந்தது. மழை விழுந்தால் அத்தனையும் முளைத்துவிடும். அடுத்த வருஷத்துக்கு விதையும் இல்லை, வீட்டுக்குக் கொள்ளும் இல்லை. அந்த நேரம் பார்த்து ரோடு இன்ஸ்பெக்டர் பூவராகவன் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“ஏம்மா, இது ரோடா, உங்க களமா? நாளைக்குப் பெரிய எஞ்சினீயர் வராரு. ஒரு துரும்பு இருந்தாலும் மொத்தத்தையும் வாரி ஏரியில போட்ருவேன்.”

மனோன்மணி செடியை வாரிக்கொண்டாள். மறுநாள் விடியலில் பார்த்தால் ஜீவந்தரன் துடைப்பத்தோடு கிளம்புகிறார்.

“ஏங்க, பரப்பாத ரோட்ட எதுக்குப் பெருக்கறீங்க?”

“நாம பரப்பலன்னா லாரி வராதா? எறும்பு அதே வழியிலதான் போய்க்கினு இருக்குது.”

பெருக்கி முடித்து அவர் நிமிரும்போது ஜீப் வந்து நின்றது. எஞ்சினீயர் இறங்கி ரோட்டைப் பார்த்தார், குனிந்தும் பார்த்தார். “மெட்ராஸ்லேர்ந்து வரேன், இப்படி ஒரு ஃபர்லாங்கைப் பாக்கல. யார் வேலை இது?”

“நம்ம கேங்கு ஆளுங்கதாங்கய்யா. டெய்லி பெருக்கறாங்க” என்றார் பூவராகவன், கூச்சமே இல்லாமல்.

“பலே. பத்து நாள்ல சீஃப் வராரு. இதத்தான் காட்டப் போறேன். நடுவுல நானும் எட்டிப் பாப்பேன். இப்படியே இருக்கணும்.”

ஜீப் போனதும் புளியமரத்துக்குப் பின்னாலிருந்து மனோன்மணி வந்தாள்.

“சார், உங்க கேங்கு ஆளுங்க எங்க? கண்ணுல காணமே?”

அவருடைய நாலு ஆட்களும் ஏரிக்கரைப் பக்கம் பள்ளம் மூடிக்கொண்டிருந்தார்கள். பூவராகவன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். “நயினாரே, இந்தப் பத்து நாளும் நீங்களே கொஞ்சம்...”

ஜீவந்தரன் வாயைத் திறந்தார். பொய் சொல்லமாட்டார், எப்படியும் பெருக்கத்தான் போகிறேன் என்று சொல்லிவிடுவார்.

“ஏங்க! மாடு போர்ல வாய வெச்சிக்கினு இருக்குது, ஓடுங்க!” என்றாள் மனோன்மணி. அவர் ஓடினார். அவள் சொன்னது பொய்தான். ஆனால் மாடுகள் அதற்குள் அதை மெய்யாக்கியிருந்தன.

“அவரு கொள்ளு பரப்பத்தான் சார் பெருக்குவாரு” என்றாள் மெதுவாக. “பரப்பக் கூடாதுன்னா பாவம், அவருக்கு ரோட்ல இன்னா வேல?”

பூவராகவன் வானத்தைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். “மூணு மணிக்குள்ள ரோடு காலியா இருக்கணும்மா.”

“அதுக்கு லாரிங்க செடி மேல வரணுமே. பாதி லாரி ஒதுங்கிப் போவுது. உங்ககிட்ட ஒரு செவப்புக் கொடி இருக்குதில்ல?”

அடுத்த மூன்று நாளும் தாமல் ரோட்டில் போன டிரைவர்கள் அந்த அதிசயத்தைக் கண்டார்கள். காக்கி உடுப்பில் ஓர் அதிகாரி கொடியைப் பிடித்துக்கொண்டு, “இன்னா லோடு?” என்று கேட்டுக் கேட்டு வழி பிரித்தார்.

“தோலு சார், ஹார்பருக்கு.”

“ஓரமாப் போ, ஓரமாப் போ! மெஷின் லோடு மட்டும் நடுவுல வா!”

“ரோடு போட்ட நீங்களே எங்கள மண்ணுல எறக்கறீங்களே சார்?”

மூன்றாம் நாள் கொள்ளைத் தூற்றி வீட்டுக்குள் குவித்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. நயினார் வீட்டில் பொழுது சாயுமுன் சாப்பிட்டாக வேண்டும். மனோன்மணி அவசரமாகப் புதுக் கொள்ளில் ரசம் வைத்தாள். ஜீவந்தரன் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“இதுல தோல் லாரி ஏதும் ஏறலியே?”

“இன்ஸ்பெக்டரே நின்னு பாத்தாருங்க” என்றாள் மனோன்மணி.

இன்ஸ்பெக்டர் டீ குடிக்கப் போன கால் மணி நேரத்தில் இரண்டு தோல் லாரிகள் நட்டநடுவே போனதை அவள் ஒருத்திதான் பார்த்தாள். மிதித்தது யார் என்று சொல்லக் கொள்ளுக்கு வாயா இருக்கிறது? இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.