இஸ்திரிப் பலகையோடு போனவள்

நான் அவளைத் துரத்தவில்லை. எதிர்வீட்டு அம்மாள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: நான் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேனாம், என் மருமகள் தட்டுமுட்டுச் சாமானை இஸ்திரிப் பலகையில் கட்டித் தூக்கிக்கொண்டு போனாளாம். கதவைப் பிடித்தது உண்மை. பலகையும் உண்மை. துரத்தப்பட்டவள் தினமும் மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்து என் கையால் காபி வாங்கிக் குடிப்பாளா? எனக்கு எழுதத் தெரியாது, வாய்தான் இருக்கிறது. அதனால் சொல்கிறேன்.

அவள் வாயில் எப்போதும் ஏதாவது ஓர் இரும்பு இருக்கும். பதினான்கு வருடம் தையல் கடையில் இருந்தவள். குண்டூசியை உதட்டில் இடுக்கிக்கொண்டே பேசிப் பழகிவிட்டாள். கடை மூடிப் போனது, குண்டூசியும் போனது, இப்போது அந்த இடத்தில் திருகாணி. ஒன்றிருந்தால் பேசுவாள். இரண்டிருந்தால் "ம்" என்பாள். நாலிருந்தால் பக்கத்தில் போகக் கூடாது.

எதையும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாள். காபி கசந்தால் இன்றைக்குச் சர்க்கரை மட்டும். தூளில் நாளைக்குத்தான் கை வைப்பாள். "ரெண்டையும் மாத்திட்டா எதனால சரியாச்சுன்னு எப்படி அத்தை தெரியும்?" என்பாள். சரியானால் போதாதா? அவளுக்குப் போதாது. ஒரு வாரம் கசப்பைக் குடித்தோம்.

கம்ப்யூட்டர் கடையில் பின்னறை ரிப்பேர் வேலைக்கு ஆள் தேடினார்கள். இவள் போய் நின்றாள். "கல்லாவுல உக்காரும்மா, பின்னறை உனக்கு ஒத்து வராது" என்றார் கடைக்காரர். இவள் நகரவில்லை. "சரி, வியாழக்கிழமை பத்து மணிக்குள்ள நீயா ஒரு கம்ப்யூட்டரை மாட்டிக் கொண்டுவா. என் கண்ணு முன்னாடி ஓடினா பின்னறை மேசை உன்னோடது. ஓடலைன்னா கல்லாவும் கிடையாது" என்றாராம். இவள் வீட்டுக்கு வந்தாள், தையல் மெஷினை விற்றுவிட்டுச் சாமான் சாமானாக வாங்கி வந்தாள்.

முதலில் வெறும் பெட்டி. அதன் உள்தகட்டில் நகமளவு பித்தளைக் கால்கள் எட்டை முறுக்கினாள். அதன் மேல்தான் போர்டு உட்காருமாம். "அது அது அந்தந்த இடத்துலதான் இருக்கணும் அத்தை. வேற இடத்துல ஒரு கால் போர்டுல பட்டாலும் கரண்ட் தடம் மாறிடும், அவ்வளவுதான்" என்று ஏதோ சொன்னாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் குளிக்கப் போனாள். பார்த்தால், தகட்டில் ஓர் ஓட்டை காலி. பொட்டலத்தில் ஒரு கால் மிச்சம். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, ஓட்டை தெரியும். எடுத்து முறுக்கிவிட்டேன். செய்த உதவிக்கெல்லாம் தண்டோரா போட வேண்டுமா? சொல்லவில்லை.

எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். விசிறி அரைச் சுற்று சுற்றிவிட்டு நின்றது. மறுபடி அமுக்கினாள். மறுபடி அரைச் சுற்று. எழுப்பினால் கொட்டாவி விட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிற ஆளைப் போல.

மூன்று நாள் இதே கூத்து. மெமரியைக் கழற்றி மாட்டினாள், அரைச் சுற்று. ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகினாள், அரைச் சுற்று. பவர் சப்ளையை முகர்ந்துகூடப் பார்த்தாள். என் டிவியைத்தான் அதற்குத் திரையாக்கியிருந்தாள். மூன்று நாளும் நான் கறுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு அம்மாள் வாளி இரவல் கேட்கிற சாக்கில் வந்து, "ரெண்டு தட்டு தட்டுங்கக்கா, எங்க டிவி அப்படித்தான் ஓடுது" என்றாள். மருமகள் திரும்பிப் பார்த்தாள். வாயில் ஐந்து திருகாணி. வந்தவள் வாளி வாங்காமலே போய்விட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் பெட்டியையே கழித்துப் பார்க்கிறேன் என்றாள். இஸ்திரிப் பலகையை விரித்து, மேலே ஓர் அட்டையைப் போட்டு, எல்லாவற்றையும் வெறும் மேனியாகப் படுக்க வைத்தாள். பொத்தான் பெட்டியோடு நின்றுவிட்டதால் போர்டில் இரண்டு முனைகளைத் திருப்புளியால் தொட்டாள். விசிறி சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. என் டிவியில் எழுத்து வந்தது. பெட்டியில் வைத்தாள், அரைச் சுற்று. வெளியே எடுத்தாள், ஓடியது. சட்டையைக் கண்டால் அலறுகிற பிள்ளைதான்.

"பெட்டிக்குள்ள போனா மூச்சை அடக்கிக்குதே அத்தை."

"வெயில் காலம். அதுக்கும் காத்து வேணாமா?" என்றேன். தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்.

வியாழக்கிழமை காலை எட்டரைக்குப் பலகையில் வைத்தே மறுபடி தொட்டுப் பார்த்தாள். ஓடியது. அணைத்துவிட்டு, "பெட்டி வேண்டாம், இப்படியே கொண்டுபோறேன்" என்றாள்.

"இப்படியேன்னா? அம்மணமாவா?"

"ஓட்டிக் காட்டுன்னுதானே சொன்னார். சட்டை போட்டுக் காட்டுன்னு சொல்லலையே."

பலகையின் கால்களை மடக்கினாள். துணிக் கீற்றுகளால் எல்லாவற்றையும் இழுத்துக் கட்டினாள். தையற்காரி போட்ட முடிச்சு, இம்மி அசையவில்லை. திருப்புளியைக் கொண்டையில் செருகிக்கொண்டாள்.

வழியை அடைத்துக்கொண்டு கிடந்த காலிப் பெட்டியை ஓரமாக வைக்கத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றாள். உள்தகட்டை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். விரல் ஒன்பது இடத்தில் நின்றது. மறுபடி எண்ணினாள். அப்புறம் ஒரு பித்தளைக் காலை மட்டும் விரலாலேயே கழற்றி உதட்டில் இடுக்கிக்கொண்டாள்.

"என்னம்மா?" என்றேன்.

"ம்" என்றாள். ஒன்றிருந்தால் பேசுகிறவள்.

கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது மணிக்குப் பஸ். கட்டியதை அவிழ்த்துப் பெட்டியில் மாட்ட நேரமில்லை.

பலகையை இரண்டு கையாலும் தாம்பாளம்போல ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நான் கதவை அகலத் திறந்து பிடித்தேன். எதிர் ஜன்னலில் திரைச்சீலை அசைந்தது. படியில் கால் வைக்கப் போனவள் நின்று, என் கையைப் பார்த்து முகவாயை ஆட்டினாள். உள்ளங்கையை நீட்டினேன். குனிந்து, உதட்டைத் திறந்து, அந்தப் பித்தளைக் காலை அதில் விழவிட்டாள். பிறகு பலகை சாயாமல் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.